திரும்பி வராத எண்ணெய்

ஏசி மெக்கானிக்கான எனக்கு ஒரு கெட்ட பழக்கம். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும், "கூலிங் எப்படி, நல்லா தூக்கம் வருதா?" என்று கேட்டுவிடுவேன். கழக்கூட்டம் என்ற மலையாள ஊரில் அந்த வாடகை வீட்டுக்குள் நுழைந்தபோதும் வாய் பாதிவரை திறந்துவிட்டது. உள்ளே ஃப்ரீசர் பெட்டிக்குள் படுத்திருந்தவர் ஹோட்டல் ஒன்றில் சமையல் மாஸ்டர், காலையில் இறந்துபோயிருந்தார். மீதிக் கேள்வியை இருமலாக மாற்றிக்கொண்டேன்.

பெட்டி குளிரவில்லை. சவூதியிலிருந்து மகன் மறுநாள் மதியம்தான் வந்து சேர்வான். வாடகைக்காரரின் இன்னொரு பெட்டி தொலைவில், விதுராவில் ஒரு சாவு வீட்டில் இருந்தது. ஆஸ்பத்திரி மார்ச்சுவரிக்கு அனுப்ப இறந்தவரின் மனைவிக்கு மனமில்லை.

"அண்ணாச்சி, எப்படியாவது சரியாக்கித் தாங்க. மோன் வந்து அப்பாவைக் காணண்டாமா?" என்றார் இறந்தவரின் மைத்துனர். திருநெல்வேலியில் பிறந்து இங்கேயே நரைத்தவர்.

பெட்டியின் அடியில் தலையை விட்டேன். கம்ப்ரஸர் கல்லை மெல்வதுபோல் கடகடத்தது. பெட்டியை வாடகைக்கு விட்டவருக்குப் போன் போட்டால், "போன மாசம்தான் எண்ணெய் மாத்தினோம். பழைய டின்ல இருந்ததுதான். எண்ணெய்ன்னா எண்ணெய்தானே?" என்றார்.

இல்லை. குளிர்விக்கும் வாயுவுக்கும் எண்ணெய்க்கும் ஜாதகம் பொருந்தவேண்டும். கம்ப்ரஸர் எண்ணெயில் கொஞ்சம் வாயுவோடு குழாய்க்குள் கிளம்பிப் போகும். அதில் கரைந்திருந்தால்தான் கூடவே திரும்பி வரும். இந்தப் பெட்டியில் இருந்தது புது வகை வாயு; அதில் அந்தப் பழைய வகை எண்ணெய் கரையாது. போனது குளிர்ச்சுருளிலேயே தங்கிவிட, கம்ப்ரஸர் வறண்டு தேய்ந்துகொண்டிருந்தது.

"எண்ணெய் இல்ல, அதான்" என்றேன் சத்தமாக.

அவ்வளவுதான். பக்கத்து வீட்டு அம்மாள் பதறி எழுந்து, தலைமாட்டு விளக்கில் நல்லெண்ணெயை ஊற்றினார். "அய்யோ, நான் நோக்கவே இல்லையே!"

"விளக்கு இல்லம்மா, மெஷின்" என்பதற்குள் வேறொரு பெண் திரியையும் தூண்டிவிட்டார். நான் முயலாமலே வந்த ஒரே நல்ல ஜோக் அது, சிரிக்க ஆளில்லை.

இறந்தவரின் மனைவி என் பக்கத்தில் வந்து குந்தினார். "நாளைக்கு உச்சிவரைக்கும் தாங்குமா அண்ணாச்சி? உள்ளதைச் சொல்லுங்க."

பொய் எனக்குச் சரளமாக வரும். ஏசி விற்ற நாக்கு இது. அன்றைக்கென்று மக்கர் செய்தது. "தாங்காது அக்கா. குழாயெல்லாம் கழுவி, வேற கம்ப்ரஸர் வெக்கணும். இன்னிக்கு நடக்காது."

அவர் கொஞ்ச நேரம் கண்ணாடி வழியே கணவரின் முகத்தைப் பார்த்தார். பிறகு மகனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"மக்களே, நீ வாரதுக்குள்ள அப்பா முகம் மாறிரும். நீ கடைசியா கண்ட முகத்தோடயே போகட்டும். இன்னிக்கே எடுத்துடுறோம்."

"அம்மா, ஐஸ் வெச்சுப் பாருங்கம்மா..."

"வேண்டாம் மக்களே."

என் பக்கம் திரும்பி, "பிளக்கை உருவிடுங்க" என்றார்.

உருவினேன். கம்ப்ரஸரின் இரைச்சல் அடங்கியது. மகன் அழுவது அப்போதுதான் எல்லோருக்கும் கேட்டது.