எங்கள் வீட்டுக்கு முட்டை வந்த சனிக்கிழமை

என் தம்பியின் மனைவி ஜப்பான்காரி. ஹிரோஷிமாவில் ஒரு தொழிற்சாலைக்குத் தம்பி பயிற்சிக்குப் போயிருந்தபோது பழகி, மலேசியாவுக்கு வந்து, கிளாங்கில் எங்கள் வீட்டுப் பக்கத்துக் கோயிலில் கல்யாணம் செய்துகொண்டார்கள். பிரிக்பீல்ட்ஸில் அடுக்குமாடி வீடு. தம்பிக்கு ஷா ஆலமில் வேலை. அவள் பங்சாரில் ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுத்தாள். நான் கிளாங்கில், அப்பாவும் அம்மாவும் விட்டுப்போன வீட்டில் தனியாக இருக்கிறேன். அவன் அழைப்பது போலவே அவளும் என்னை அக்கா என்றுதான் அழைப்பாள்.

கல்யாணமாகி வெகுநாள் கழித்து உண்டான குழந்தை நான்காம் மாதத்தில் தங்காமல் போய்விட்டது. மருத்துவமனையிலிருந்து நேராக என் வீட்டுக்கு அழைத்து வந்தான் தம்பி.

"அக்கா, கொஞ்ச நாள் இவ ஒன் கூட இருக்கட்டும். நான் வேலைக்குப் போயிட்டா அங்க செவுத்தையே பாத்துக்கிட்டு ஒக்காந்திருப்பா."

எனக்குத் தெரிந்ததைச் சமைத்தேன். பூண்டுக் குழம்பு, மிளகு ரசம், கறிவேப்பிலைத் துவையல். ஒவ்வொரு வேளையும் பணிவாக வந்து உட்கார்ந்து இரண்டு வாய் சாப்பிடுவாள். "நல்லா இருக்கு அக்கா. போதும்" என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குப் போய்விடுவாள். பந்திங்கிலிருந்தும் காஜாங்கிலிருந்தும் உறவுக்காரர்கள் பழம் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தார்கள். "வயசு இருக்கு லா, அடுத்தது தன்னால வந்துரும்" என்று எல்லாரும் ஒரே ஆறுதலைச் சொன்னார்கள். அவள் எல்லாரிடமும் சிரித்துத் தலையாட்டினாள். அவள் அழுதிருந்தால்கூட எனக்குப் பயம் இருந்திருக்காது. அந்தத் தலையாட்டலுக்குத்தான் பயந்தேன்.

ஒருநாள் தம்பியிடம் போனில் கேட்டேன்: "அவளுக்கு எதுதான்டா புடிக்கும்? கூச்சப்படாமச் சொல்லு."

"ஒக்கொனோமியாக்கின்னு ஒண்ணு. அவங்க அம்மா செய்வாங்க. தோசை மாதிரி மாவ ஊத்தி, அது மேல முட்டைக்கோஸ், தவ்கே மொளப்பயறு, மீ நூடுல்ஸ், முட்டைன்னு அடுக்கிக்கிட்டே போவாங்க. ஆனா ஒன்னால முடியாதுக்கா."

"ஏன் முடியாது?"

"பன்னி எறைச்சி போடுவாங்க. நம்ம வீட்ல முட்டையே கெடையாதே."

உண்மைதான். எங்கள் வீடு சைவம். அம்மா காலத்திலிருந்தே முட்டை வாசல் தாண்டியதில்லை. பக்கத்து வீட்டார் கொடுக்கும் கேக்கைக்கூட, முட்டை போட்டதா என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குவேன். அன்று முழுக்க அதே யோசனையாக இருந்தது. சாயங்காலம் விளக்கேற்றும்போதும் சாமியிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டு, மனசுக்குள் வேண்டாம் என்று பட்டுவிட்டால் என்ன செய்வது? இறைச்சி வேண்டாம், முட்டை மட்டும், அதுவும் வீட்டுக்குப் பின்னால் கூரை போட்ட இடத்தில் தனி அடுப்பு வைத்து என்று நானே ஒரு தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் கடையில் முட்டை கேட்டபோது கடைக்காரர் கையிலிருந்த வெங்காயத்தைத் தராசில் போடாமல் என்னைப் பார்த்தார்.

"அக்கா, முட்டையா? ஒங்களுக்கா?"

"வீட்ல ஒடம்பு சரியில்லாத பிள்ள இருக்கு. போடுங்க அண்ணே."

அவர் வெங்காயத்தைக் கீழே வைத்தார். இரண்டு பை போட்டுக் கட்டிக் கொடுத்தார்.

சனிக்கிழமை வேலைக்குப் போவதற்கு முன் தம்பி வந்தான். நான் போனில் சொல்லியிருந்ததால், கோலாலம்பூரில் ஜப்பானியப் பொருட்கள் விற்கும் கடையிலிருந்து கெட்டியான கறுப்பு சாஸ் ஒரு பாட்டில் வாங்கி வந்திருந்தான். தன்னுடைய டேப்லெட்டைப் பின்பக்கத்து அம்மிக்கல்லில் சாய்த்து வைத்து, ஹிரோஷிமாவில் இருந்த மாமியாரை அழைத்தான். அவர் கணவர் பக்கவாதத்தில் படுத்த படுக்கை. அதனால்தான் மகளைப் பார்க்க வர முடியவில்லை. தினமும் பேசினாலும், நன்றாக இருக்கிறேன் என்பதைத் தவிர மகள் அவரிடம் வேறொன்றும் சொல்வதில்லையாம்.

தம்பி இரண்டு நிமிடம் ஜப்பானிய மொழியில் பேசிவிட்டுச் சாவியை எடுத்தான்.

"எல்லாம் சொல்லிட்டேன்க்கா. அவங்க பாத்துப்பாங்க."

"டேய், எனக்கு ஒரு வார்த்தை தெரியாதேடா!"

"அவங்களுக்கும் தெரியாது" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போய்விட்டான்.

உள்ளே அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். திரையில் ஏப்ரன் கட்டிய ஒரு அம்மாள், என் வயதுக்குக் கொஞ்சம் மூத்தவர், தலையைத் தாழ்த்தி வணங்கினார். நான் கைகூப்பினேன். இருவரும் வேலையைத் தொடங்கினோம்.

மாவு பிரச்சினையாக இல்லை. கோதுமை மாவைத் தண்ணீராகக் கரைத்துக் கல்லில் ஊற்றி, கரண்டியின் அடியால் வட்டமாக இழுத்தேன். அவர் "ஓ!" என்று கைதட்டினார். தோசை சுட்டு வளர்ந்த கை, அது சும்மா இருக்குமா? முட்டைக்கோஸைத்தான் நான் பொரியலுக்கு நறுக்குவது போலப் பொடியாக நறுக்கி வைத்திருந்தேன். அவர் இரண்டு விரலை அகட்டி, நீளமாக, நூலாக என்று காட்டினார். இன்னொரு பாதியை எடுத்து நறுக்கினேன். மாவின் மேல் குவிக்கக் குவிக்க, இன்னும் இன்னும் என்று கையை உயர்த்திக்கொண்டே போனார். கல்லின் மேல் ஒரு வைக்கோற்போர் நின்றது.

பிறகு அவர் விரலால் தன் மூக்கு நுனியை மேலே தள்ளிக் காட்டினார். எனக்குப் புரிய ஒரு நொடி ஆனது. பன்றி! வேண்டாம் என்று வேகமாகத் தலையாட்டி, டேப்லெட்டைத் தூக்கி உள்ளே சாமி மாடத்தைக் காட்டினேன். அவர் கண்ணை விரித்து, உடனே சாமியைப் பார்த்துக் கைகூப்பினார். மூக்கைத் தள்ளிக் காட்டியதற்கு மன்னிப்புக் கேட்கிறார் என்று தோன்றியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார்.

அடுத்து ஒரு கிண்ணத்தில் பொரித்த மாவுத் துகள்களைக் காட்டினார். என்னிடம் அது இல்லை. ஓமப்பொடி இருந்தது. ஒரு பிடி எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் வாயில் போட்டுக் கடித்தேன். அந்தச் சத்தத்தைக் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, சரி என்று தலையசைத்தார். அதையும் தவ்கேயையும் குவியலின் மேல் தூவினேன்.

முட்டைக்கோஸ் வேகக் காத்திருந்தோம். குவியல் மெல்ல அமுங்கியது. திடீரென்று அவர் ஏப்ரன் முனையை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. "நான் பாத்துக்கறேன்மா" என்று தமிழிலேயே சொன்னேன். "நான் இருக்கேன்ல. பாத்துக்கறேன்." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுப்பைப் பார் என்று கையைக் காட்டினார்.

இரண்டு தோசைத் திருப்பிகளையும் அடியில் கொடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கவிழ்த்தேன். பாதி கல்லில் விழுந்தது. மீதி என் சேலையிலும் தரையிலும் டேப்லெட்டின் மேலும் விழுந்தது. நான் "ஐயோ!" என்று கத்த, அந்த அம்மாளும் ஏதோ கத்த, அடுத்த நிமிடம் இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

அந்தச் சத்தத்தில் அவள் எழுந்து வந்துவிட்டாள். கலைந்த தலையோடு கதவில் நின்றவள், அடுப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தவ்கே ஒட்டியிருந்த திரையில் தன் அம்மாவைப் பார்த்தாள். முட்டைத் தட்டையும் பார்த்தாள்.

"அக்கா... நம்ம வீட்ல முட்டை?"

"ஒனக்குத்தான்மா. வா, ஒக்காரு."

அவள் உட்காரவில்லை. என் கையிலிருந்து திருப்பிகளை வாங்கி, சிதறியதை நடுவே கூட்டி அமுக்கினாள். ஓரத்தில் மீயைச் சாஸ் விட்டு வதக்கி, அடுக்கைத் தூக்கி அதன் மேல் வைத்தாள். முட்டையை உடைத்துப் பரப்பி, மொத்தத்தையும் அதன் மேல் ஏற்றி, மறுபடி ஒரே வீச்சில் கவிழ்த்தாள். அம்மாவும் மகளும் மெதுவாகப் பேசிக்கொண்டே இருந்தார்கள். நான் சாஸ் பாட்டிலைத் திறந்து கொடுத்தேன்.

கல்லிலிருந்தே வெட்டி வெட்டி, கிட்டத்தட்ட முழுவதையும் சாப்பிட்டாள். பாதியில் அழுகை வந்தது. வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு அழுதாள். கையைத் திருப்பியிலிருந்து எடுக்கவேயில்லை. பிறகு என்னைப் பார்த்து, தெரிந்த தமிழையெல்லாம் சேர்த்துச் சொன்னாள்:

"எல்லாரும் அடுத்தது வரும், அடுத்தது வரும் சொல்றாங்க. எனக்கு அடுத்தது வேணாம் அக்கா. அந்த பேபிதான் வேணும்."

நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். அதையே அவள் அம்மாவிடமும் ஜப்பானிய மொழியில் சொன்னாள் என்று நினைக்கிறேன். அந்த அம்மாள் இப்போது அழவில்லை. திரைக்கு மிக அருகே வந்து, மகள் பேசி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து அவள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டாள். ரசத்தை வேண்டாம் என்று சொல்லவும் பழகிக்கொண்டாள். அதில் எனக்குச் சந்தோஷமே. மாதக் கடைசியில் பிரிக்பீல்ட்ஸுக்குத் திரும்பி, வகுப்புகளையும் தொடங்கினாள்.

குழந்தை பிறந்திருக்க வேண்டிய மாதத்தில் ஒரு மாலை இருவரும் வந்தார்கள். தன் ஊரில் இப்படிப் போன குழந்தைகளுக்காகக் கோயிலில் சின்னக் கற்சிலை வைத்து, அதற்குச் சிவப்புத் துணி கட்டிவிடுவார்கள் என்று அவள் சொன்னாள். இங்கே அப்படி ஏதும் உண்டா என்று கேட்டாள். எனக்குத் தெரிந்து இல்லை.

"விளக்கு ஏத்தலாமா?" என்று கேட்டேன்.

ஏற்றினோம். தம்பி எண்ணெய் விட்டான், அவள் திரியைத் தூண்டினாள். என்ன மந்திரம் சொல்வது என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை. அந்தக் குழந்தைக்கு அவர்கள் இருவர் மட்டும் வைத்திருந்த பெயரை அவள் முதல்முறையாக எனக்குச் சொன்னாள். அந்தப் பெயரைச் சொல்லியே மூவரும் கும்பிட்டோம்.