காருக்குப் பின்னாலிருந்து வந்த பதில்

என் மனைவியும் அதைக் கேட்டிருக்காவிட்டால் நானே நம்பியிருக்க மாட்டேன். போன ஜனவரியில், அரிசோனா பாலைவனத்து முகாம் ஒன்றில் நடந்தது. இருட்டில்கூட இல்லை. வெயில் இருக்கும்போதே.

ஓய்வு பெற்றதிலிருந்து எனக்கும் லோர்னாவுக்கும் எங்கள் நீளமான வேன்தான் வீடு. அதன் பின்னால் கட்டி இழுத்துப்போக, யூமாவில் ஆர்லிஸ் என்ற பெரியவரிடம் ஒரு சின்ன கார் வாங்கியிருந்தோம். மறுநாள் காலை ஏழு மணிக்கு ஃபீனிக்ஸில் எங்கள் மகளுக்கு இதய அறுவை சிகிச்சை. இருட்டுவதற்குள் கிளம்பியாக வேண்டும். வேனில் பிரேக் மிதித்தால் காரின் பின்விளக்கும் எரிய வேண்டும். அந்த வயரிங் ஒன்றுதான் பாக்கி.

மணி 4.10. லோர்னாவைக் காருக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, வேனில் ஏறி பிரேக்கை மிதித்தேன். எரிகிறதா என்று கத்தினேன்.

“எரியல.”

ஃபியூஸை மாற்றினேன். “எரியல.” காரின் பானட்டைத் தூக்கி, எர்த் வயரைச் சுரண்டி மறுபடி முறுக்கினேன். “எரியல.” பிளக்கைப் பிரித்து எல்லா வயரையும் புதிதாகப் பொருத்தினேன். விரலில் ரத்தம். எரிச்சலில் அவள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளும் அந்த ஒரு வார்த்தைக்கு மேல் பேசவில்லை. அது வேறு ஆத்திரம்.

மணி 5.20. எட்டாவது முறை.

“எரியல.”

ஸ்க்ரூடிரைவரை விட்டெறிந்தேன். “அங்க நின்னு என்னத்தத்தான் பாக்குற?”

“யாரத் திட்டுற?”

லோர்னா. வேனுக்கு முன்னால்... கையில் துவைத்த துணிக்கூடையோடு.

முதல் தடவையே “எரியுது” என்று சொல்லிவிட்டு, முகாமின் சலவை அறைக்குப் போய்விட்டாளாம். ஒரு மணி நேரத்துக்கு மேலாகிறது.

நான் வாயைத் திறப்பதற்குள்...

காருக்குப் பின்னாலிருந்து...

மெதுவாக...

“எரியல.”

கூடை விழுந்தது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். யாருமில்லை. லோர்னா ஏறி பிரேக்கை மிதித்தாள். இரண்டு விளக்கும் பளிச்சென்று எரிந்தன.

அப்படியே கிளம்பினோம்.

மகள் பிழைத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் ஆர்லிஸுக்கு ஃபோன் செய்து, நடந்ததைச் சொன்னேன்.

“போன வருஷம் நானும் அந்தக் காருக்கு வயர் இழுத்தேன் தம்பி. என் வீட்டுக்காரி ஹெஸ்டர்தான் பின்னாடி நின்னா. எரியல எரியலன்னே சொன்னா. கடுப்பாகி இறங்கிப் போய்ப் பாத்தேன். ரெண்டும் எரிஞ்சுட்டுதான் இருந்துச்சு. அப்பதான் எனக்கே தெரிஞ்சுது... அவளுக்குக் கண்ணு சுத்தமா போயிருந்துச்சு. யார்கிட்டயும் சொல்லாம மறச்சிருக்கா.”

மூச்சு வாங்கினார்.

“அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் வீட்ல ஆளக் காணோம். தேடிப் போனா... அதே எடத்துல, காருக்குப் பின்னாடி விழுந்து கெடந்தா. உசுரு இல்ல.”