கள்ளு காது, கள்ளு

என் வீட்டுக்காரர் ஒரு குடிகாரர். இருபத்தாறு வருஷம் கூடவே குடித்தனம் நடத்திய எனக்கு இது போன வியாழக்கிழமைதான் தெரிந்தது. சொன்னது கம்ப்யூட்டர்!

அவரை உங்களுக்குத் தெரியும்தானே? இதே பத்தியில் எத்தனை முறை திட்டியிருக்கிறேன்! சித்தூரில் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறார். இருமல் டானிக்கைக்கூட லேபிளைப் படித்துவிட்டுத்தான் குடிப்பார்.

திங்கட்கிழமை பள்ளி திறப்பு. அதற்குள் ஃபிட்னஸ் சர்டிஃபிகேட் கொடுக்காவிட்டால் பஸ் சாவி வேறு டிரைவர் கைக்குப் போய்விடும். அதற்காகத்தான் திருப்பதியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஃபைல் எதுவும் வேண்டாமாம். சித்தூர் கிளினிக்கில் காட்டியதெல்லாம் இங்கேயே தெரியுமாம். போனுக்கு வந்த ஓடிபியைச் சொன்னதும் இவர் சரித்திரம் முழுக்கத் திறந்துகொண்டது. ஆஹா, என்ன வசதி!

டாக்டரம்மா திரையைப் பார்த்தார். இவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

விஷயம் என்னவென்றால்... போன மாசம் சித்தூர் கிளினிக்கில் இவர் தெலுங்கில், "ரோஜூ கள்ளு மண்டுதுன்னாயி" என்றிருக்கிறார். தினமும் கண் எரிகிறது என்று அர்த்தம். தெலுங்கில் கண்களுக்குக் 'கள்ளு'. கவுன்ட்டர் பெண் அதை ஆங்கில எழுத்தில் 'கள்ளு, டெய்லி' என்று தட்டிவிட்டாள். கண்ணா, குடிக்கிற கள்ளா? அந்த எழுத்தில் இரண்டும் ஒன்றுதான். டாக்டரம்மா குடிக்கிறதாகவே படித்துவிட்டார். பெண்டாட்டி பக்கத்தில் இருக்கிறாளே என்று கள் என்ற பெயரைச் சொல்லாமல் விசாரித்தார். புத்தூர் பக்கமாம், நல்ல தமிழ்.

"எவ்ளோ நாளா இருக்குது இது?"

"ஒரு வருஷமா மேடம். தினமும்தான்."

"வண்டி ஓட்டும்போதுமா?"

"ஓட்டிக்கினு இருக்கும்போதுதான் ஜாஸ்தி!"

"உள்ள பசங்க இருக்கும்போதா?" டாக்டரம்மா நாற்காலி நுனிக்கே வந்துவிட்டார்.

"அவங்களுக்கு இன்னா தெரியும்? கர்சீப்ல தொடச்சிக்கினு போய்க்கினே இருப்பேன்."

"வீட்ல வேற யாருக்காவது?"

"எங்க நைனாவுக்கு இருந்துச்சு. தம்பிக்கு இருக்குது. இவளுக்கும் லேசா... சீரியல் பாக்க சொல்லோ."

நானும் மண்டையை ஆட்டித் தொலைத்தேன்! டாக்டரம்மா தடதடவென்று எல்லாவற்றையும் தட்டினார்.

"சாரி. நான் கையெழுத்து போட மாட்டேன். மொதல்ல குடியை விடச் சொல்லுங்க."

குடியா? இவருக்கு முகமே செத்துவிட்டது. "நான் தொட்டதே இல்ல மேடம்!" என்று எழுந்து நின்றார். கை வெடவெடவென்று நடுங்கியது. டாக்டரம்மா அதையும் குறித்துக்கொண்டார்!

எனக்கு வந்ததே கோபம். "எங்கே, அந்த ஸ்க்ரீனை இப்படித் திருப்புங்க" என்றேன். அப்போதுதான் கள்ளின் குட்டு உடைந்தது.

டாக்டரம்மா சித்தூருக்குப் போன் போட்டார். எழுதியதை அழிக்க முடியாதாம், கீழே திருத்தம்தான் சேர்க்கலாமாம். அந்தப் பெண்ணும் உடனே சேர்த்தாள். மறுபடியும் அதே ஆங்கில எழுத்தில் - 'கள்ளு காது, கள்ளு.' அதாவது, கள் இல்லை, கண். தெலுங்கில் 'காது' என்றால் 'இல்லை'. தமிழ் டாக்டர் யாராவது படித்தால் காதுக்கும் சேர்த்து மருந்து எழுதுவார்!

டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டு, புரிகிற மாதிரி இங்கிலீஷிலேயே ஒரு வரி சேர்த்தார். கண்ணைச் சோதித்தார். சொட்டு மருந்து எழுதினார். கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும், "மானமே போயிருக்கும்டி" என்று இவர் கண் கலங்கினார். நினைத்துப் பாருங்கள்... நம்மைப் பற்றி எழுதியதை ஊரெல்லாம் படிக்கிறது. நாம் என்றைக்காவது படிக்கிறோமா?

அதனால் திங்கட்கிழமை, இவர் ஜம்மென்று பஸ் எடுத்துக்கொண்டு போன பிறகு, அந்தப் பதிவைப் போனில் முழுசாகப் படித்தேன். இவர் வரியைத் திருத்திய டாக்டரம்மா குடும்ப வரியை மறந்துவிட்டார்.

'அப்பா: குடி. தம்பி: குடி. மனைவி: லேசாக, சீரியல் பார்க்கும்போது மட்டும்.'

'மட்டும்' என்று போட்டாரே... அந்த மட்டும் சந்தோஷம்!