நன்றி சொல்லும் முன் ஒரு கேள்வி

ஒஹாயோவில் நான் வேலை செய்யும் ஹார்ட்வேர் கடையில், ஒரு பெட்டி ஆணி வாங்க வருகிறவர்கூட சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டுவார். அவர் முன்பு இராணுவத்தில் இருந்தவர் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. 'வெட்டரன்' என்கிறார்கள். முதல் நாள் ஒருவர் அப்படி நீட்டியபோது, பழக்கதோஷத்தில் நானும் என் அட்டையைத் தேடிக் கைப்பையைத் துழாவினேன். இலங்கையில், எங்கள் ஊரில், ஆமிக்காரர் நம்மிடம் அட்டை கேட்பார். அட்டை காட்டுகிற ஆமிக்காரரை இங்கேதான் பார்த்தேன்! அட்டைக்கு விலையில் கழிவு உண்டு. அதை மெஷினே பார்த்துக்கொள்ளும். கூடவே காசாளர் அவர் முகத்தைப் பார்த்து, "உங்கள் சேவைக்கு நன்றி" என்று சொல்ல வேண்டும். அங்கேதான் வந்தது வினை. என் வாயில் அது வரமாட்டேன் என்று அடம்பிடித்தது.

மாத்தளையிலும் உக்குவளையிலும் இருந்து இதை வாசிக்கிறவர்கள், "திமிரைப் பார்" என்று நினைக்கக்கூடாது. ஒரு கோப்பை பிளேன்டீக்கும் நன்றி சொல்லும் பிறவிதான் நான். ஆனால் முன்பின் தெரியாத ஒருவர் ஒரு காலத்தில் ஒரு சட்டையைப் போட்டிருந்தார் என்பதற்காக மட்டும் எப்படிச் சொல்வது? என் மேற்பார்வையாளர் டெப்பிக்கு அது விளங்கவில்லை. நல்ல மனுஷி, எல்லோர் பிறந்தநாளுக்கும் கேக் செய்துகொண்டு வருவாள். அவள் மகன் கடற்படையில் இருக்கிறான்.

"உங்க நாட்டுல ஆமி இல்லையா?" என்று கேட்டாள்.

"இருக்கே. நிறைய இருக்கு."

"அப்ப உனக்கு இது நல்லாப் பழகியிருக்கணுமே!"

சிரித்து வைத்தேன். அவள் சிரிக்கவில்லை. வார முடிவுக்குள் அந்த வசனத்தைச் சொல்லப் பழகாவிட்டால், காசாளர் வேலை போய், பின்பக்கம் மண் மூட்டை தூக்கும் வேலைதான் என்றாள். என் இடுப்பு இருக்கிற இலட்சணத்துக்கு அது வேலையை விட்டுப் போ என்பதுதான்.

அன்று வீட்டில் என் கணவர் செல்வம், "ரெண்டு வார்த்தைதானே, சொல்லித் தொலைச்சிட்டு வாயேன். மாத்தளையில ஆமிக்காரனக் கண்டா 'மாத்தயா, மாத்தயா'ன்னு சிங்களத்துல கொழைஞ்ச வாய்தானே இது?" என்றார்.

"அது பயங்க. பயத்துல சொல்றது மரியாதையாகுமா?" என்றேன்.

மாத்தளைப் பக்கத்து எல்கடுவ தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள் நான். சண்டைக் காலத்தில் மாத்தளை டவுனில் ஒரு புடவைக் கடைக்கு வேலைக்குப் போய்வந்தேன். வழியில் பஸ்ஸை மறித்து "பஹின்ன" என்றால் எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையோடு வரிசையில் நடக்க வேண்டும். ஒரு நாள் என்னோடு வந்த தம்பி ரவி அட்டையை வீட்டில் மறந்துவிட்டான். ஒரு சிப்பாய் அவனை றோட்டோரத்தில் பின்னேரம்வரை முழங்காலில் நிற்க வைத்தான். நான் கெஞ்சிய கெஞ்சலுக்கு அவன் முகத்தைக்கூடத் திருப்பவில்லை. அந்த ஆத்திரம் எனக்கு இன்றைக்கும் இருக்கிறது. பிறகு ஒரு வருடம் அடைமழையில் மண் சரிந்து எங்கள் லயத்து வரிசைவீட்டின் பின்சுவர் விழுந்தது. அம்மா உள்ளே மாட்டிக்கொண்டார். அதே பச்சைச் சட்டை போட்ட இன்னொருவன் இடுப்பளவு சேற்றில் இறங்கி அம்மாவைத் தோளில் தூக்கிவந்தான். "அம்மே, பய வென்ன எப்பா" என்று பயப்படாமலிருக்கச் சொல்லி, கோயில் மண்டபத்தில் இறக்கிவிட்டு மறுபடியும் ஓடினான். அவன் பெயரைக்கூட நாங்கள் கேட்கவில்லை. டீவியில் இரண்டு பேருக்கும் ஒரே பட்டம்தான்: 'ரணவிரு', போர் நாயகர். தம்பியை முழங்காலில் நிறுத்தியவனுக்கு அது கிடைத்ததில் எனக்கு வயிற்றெரிச்சல். அம்மாவைத் தூக்கியவனுக்கும் அதே அளவுதான் என்பது அதைவிடப் பெரிய அநியாயம்.

மறுநாள் தொப்பி போட்ட ஒரு கிழவர் அட்டையை நீட்டினார். பெயர் வால்ட்டர். டெப்பி இரண்டடி தள்ளிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் வாயைத் திறந்தேன். "ஆமியில என்ன வேலை பார்த்தீங்க?" என்றுதான் வந்தது. முடிந்தது கதை, மண் மூட்டைதான் என்று நினைத்தேன். கிழவர் என்னை உற்றுப் பார்த்தார்.

"இத்தனை வருஷத்துல இதை யாருமே கேட்டதில்லை" என்றார். "ஜெர்மனியில ஆமி பேக்கரியில பாண் சுட்டேன். மூணு வருஷம்."

"நல்லா வந்துச்சா?"

"முதல் மாசம் கல்லு மாதிரி. பிறகு அதிகாரிமாரே களவா வந்து கேட்டாங்க!"

"அப்படின்னா அந்தப் பாணுக்கு நன்றி" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். கிழவர் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு மற்றக் கவுன்டர்கள் காலியாக இருந்தாலும் வால்ட்டர் என் வரிசையில்தான் நிற்பார், கூட்டாளிகளையும் இழுத்து வருவார். ஒருவர் லொறி திருத்தியவர், ஒருவர் கடிதங்களைத் தரம் பிரித்தவர். இன்னொருவர் மட்டும், "அதைக் கேட்காதே, அம்மா" என்றார். நான் வற்புறுத்தவில்லை, அவருடைய பெயின்ட் வாளியைக் கார்வரை தூக்கிச் சென்றேன். டெப்பி கையெடுத்துக் கும்பிடாத குறை. "கேளு தாயே, ஆனா வரிசையைக் கொஞ்சம் சீக்கிரம் நகர்த்து" என்றாள்.

இப்படி நான் கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்தபோதுதான், போன வாரம் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் மண்வெட்டி வாங்க வந்தார். என் முகத்தைப் பார்த்து, "நங்கி, லங்காவெந்த?" என்றார். தங்கச்சி, இலங்கையா என்று சிங்களத்தில் யாராவது கேட்டு எத்தனை காலம்! ஆமாம் என்றேன். கழிவு பற்றிய பலகையைக் காட்டி, "நானும் ஆமியில இருந்தவன்தான். நமக்கெல்லாம் இது கிடைக்காதே" என்று சிரித்தார்.

என் வழக்கமான கேள்வி நாக்கு நுனிவரை வந்து நின்றது. கேட்டால் பதில் வந்துவிடுமே! ஆனால் பாண் சுட்டவரிடம் கேட்டுவிட்டு இவரிடம் கேட்காமல் விட்டால் நான் என்ன மனுஷி? சிங்களத்தில் கேட்டேன்.

அவர் சிரிப்பு அடங்கியது. "வடக்குல பஸ்ஸ மறிச்சோம். ஐடி பார்த்தோம். வயசானவங்களையும் இறக்கி நடக்க வச்சேன். செஞ்சதெல்லாம் சரின்னு சொல்ல மாட்டேன், நங்கி."

"என் தம்பியை முழங்கால்ல நிக்க வச்சாங்க."

"எங்க?"

"எல்கடுவ றோட்டுல."

"எல்கடுவயா?" அவர் நிமிர்ந்தார். "நான் அலுவிகாரை." மாத்தளை டவுனைத் தாண்டினால் அலுவிகாரைதான்.

நான் மண்வெட்டிக்கு விலை அடித்தேன். பிறகு அவர், "அந்த றோட்டுல இப்பவும் பஸ்ல வளைவுக்கு வளைவு வாந்திதானா?" என்று மெதுவாகக் கேட்டார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நன்றி நான் சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

பின்னால் நின்ற பெண் பொறுமையிழந்து, "உன் சொந்தக்காரரா?" என்று கேட்டாள்.

"எங்க ஊர்க்காரர்" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே திக்கென்றது. ஊரில் இருந்தவரை எந்த ஆமிக்காரரையும் நான் அப்படிச் சொன்னதில்லை. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பினார்.

"ஆமாம்," என்று அந்தப் பெண்ணிடம் ஆங்கிலத்தில் சொன்னார், "ஒரே ஊர்."