அபிதகுசாம்பாளும் ஐம்பத்திரண்டு கிலோவும்

எங்கள் வகுப்பு வருகைப் பதிவேட்டில் அபிதகுசாம்பாள் என்ற பெயர் அதற்கென்று விட்ட கட்டத்துக்குள் அடங்காது. கடைசி இரண்டு எழுத்துகள் ஒன்றாம் தேதிக் கட்டத்தில் போய் உட்கார்ந்திருக்கும்.

"பேரு கட்டத்துல அடங்கல, ஆளு பெஞ்சுல அடங்கல" என்று மாணிக்கவேல் சொன்னபோது வகுப்பே சிரித்தது. நானும்தான். அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள் நான் என்பதால் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன். இல்லையென்றால் என்னையும் அவள் கட்சியில் சேர்த்துவிடுவார்கள். போதாததற்கு, குண்டு என்பது சொறி மாதிரி ஒட்டிக்கொள்ளும் என்று அப்போது நான் உறுதியாக நம்பினேன். எங்கள் இருவருக்கும் நடுவே பெஞ்சில் ஒரு ஸ்கேல் அகலத்துக்கு இடம் விட்டிருப்பேன்.

அது எழுபத்தாறாம் வருஷம். ஆரணியில் ஏழாம் வகுப்பு. அபிதாவின் அப்பா பட்டுத் தறி நெய்கிறவர். எங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதிலும் ஒரு கதை இருந்தது. ஒருமுறை அபிதா, நெய்கிறவர் கால் தொங்கவிடும் தறிக்குழியில் இறங்கி மாட்டிக்கொண்டாளாம், நான்கு பேர் வடம் கட்டி இழுத்தார்களாம். அப்படி ஒன்றும் நடக்கவே இல்லை. ஆனால் வடத்தைத் தானே பிடித்து இழுத்ததாக வகுப்பில் மூன்று பேர் சத்தியம் செய்தார்கள்.

பச்சைக்குதிரை விளையாட்டில் அவளைத் தாண்ட விடமாட்டோம். குனிகிறவன் முதுகு உடைந்துவிடும் என்போம். எங்கள் தெருவுக்குப் போகும் வழியில் கால்வாய்க்குக் குறுக்கே ஒரு பலகை கிடந்தது. எல்லாரும் கடந்த பிறகுதான் அவள் கடக்க வேண்டும். அழ மாட்டாள். செருப்பு நுனியால் மண்ணில் கோடு கிழித்துக்கொண்டே நிற்பாள்.

ஒருநாள் பஸ் ஸ்டாண்டு சோடாக் கடைப் பக்கத்தில் எடை பார்க்கிற மெஷின் ஒன்று வந்தது. பத்துப் பைசா போட்டால் கலர் பல்புகள் எரியும், சக்கரம் சுற்றும், எடை அச்சடித்த சீட்டு வந்து விழும். மாணிக்கவேல் விடுவானா? ஆளுக்கு இரண்டு பைசா வசூலித்து அபிதாவை ஏற்றிவிட்டான்.

சீட்டு விழுந்தது. ஐம்பத்திரண்டு கிலோ.

"யப்பா! பெரிய மனுசன் வெயிட்டுடா!" என்று நாங்கள் குதித்தோம்.

மாணிக்கவேலுக்கு அதுவும் போதவில்லை. வித்தியாசத்தைக் காட்ட வேண்டும் என்று, குச்சி ஐஸுக்கு வைத்திருந்த பத்துப் பைசாவைப் போட்டுத் தானும் ஏறினான். அவன் எப்படி இருப்பான் என்றால், சட்டை கழற்றினால் விலா எலும்பைத் தூரத்திலிருந்தே எண்ணிவிடலாம்.

பல்பு எரிந்தது. சக்கரம் சுற்றியது. சீட்டு விழுந்தது.

ஐம்பத்திரண்டு கிலோ.

மாணிக்கவேல் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "மெஷின் கெட்டுப் போச்சுடா" என்றான் அவன்.

"அச்சடிச்சு வந்துகீது. அச்சுல பொய் வருமா?" என்றேன் நான். அந்த வயதில் எனக்கு அச்சின் மேல் அவ்வளவு மரியாதை. "சில பேருக்கு வெளிய தெரியாது. கனம் உள்ளுக்குள்ளயே இருக்கும்."

வேறு யாராவது ஏறிப் பார்த்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். யாரும் ஏறவில்லை. நம் உள்ளேயும் கனம் இருந்து வெளியே வந்துவிட்டால்?

மறுநாளே மாணிக்கவேல் குண்டன் ஆகிவிட்டான். பச்சைக்குதிரையில் அவனுக்கு யாரும் குனியவில்லை. பலகையை அவனும் கடைசியாகத்தான் கடக்க வேண்டியிருந்தது. அவன் கால் வைத்தபோது பலகை கிறீச்சென்றது என்று ஒருத்தி சொன்னாள், எங்களுக்கும் கேட்டது.

இதில் அபிதாவும் சேர்ந்துகொண்டாள் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். "பார்த்து உக்காருடா, பெஞ்சு ஒடஞ்சிடப் போவுது" என்று அவன் வழக்கமாகச் சொல்வதை அவனுக்கே திருப்பிச் சொல்லிவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மூன்று நாள் அவள் முகம் திருவிழா பார்த்த முகமாக இருந்தது.

நான்காம் நாள் மத்தியானம் தண்ணீர் குடிக்கக் கிணற்றடிக்குப் போனேன். மாணிக்கவேல் தன் டிபன் பாக்ஸ் சோற்றைக் காக்காய்களுக்குப் போட்டுக்கொண்டிருந்தான். எதிரே அபிதா நின்றிருந்தாள்.

"இன்னாடா பண்ற?"

"ரெண்டு நாளா துன்னல. அப்பவும் கனமாத்தான் கீறேன்றாங்க."

"யாருனா தூக்கிப் பார்த்தாங்களா?"

"இல்ல."

அபிதா ஒரு கணம் யோசித்தாள். பிறகு குனிந்து, குடத்தைத் தூக்குகிற மாதிரி அவனை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு வகுப்பை நோக்கி நடந்தாள்.

"இறக்கி வுடுடி! மானம் போவுது!" அவன் காலை உதைத்தான். டிபன் பாக்ஸ் மூடி உருண்டோடியது. அதைப் பொறுக்கிக்கொண்டு நான் பின்னால் ஓடினேன்.

"எல்லாம் பாருங்க! காலிக் கூடை கூட இத்தவிட கனமா இருக்கும்!" என்று அவள் கத்தினாள். "அந்த மெஷினு பேமானி மெஷினு!"

சத்தம் கேட்டு எங்கள் வகுப்பு வாத்தியார் வேணுகோபால் சார் வந்துவிட்டார். இருவரையும் பெஞ்சு மேல் ஏறி நிற்கச் சொன்னார். சொன்னவர் பெஞ்சைப் பார்த்தார், அபிதாவைப் பார்த்தார். "நீ மட்டும் தரையில நில்லும்மா" என்றார்.

அபிதாவின் முகம் வாடிப்போனது. அப்போது மாணிக்கவேல் பாக்கெட்டிலிருந்து கசங்கிய சீட்டை எடுத்து நீட்டினான்.

"நானும் அவளும் ஒரே வெயிட்டு சார். அவ தரைன்னா நானும் தரைதான். இல்லாட்டி ரெண்டு பேரும் பெஞ்சு."

சார் சீட்டைப் பார்த்தார். சிரிப்பை அடக்கியதில் அவர் மீசை ஆடியது. இரண்டு பேரும் பெஞ்சில் ஏறினார்கள். வகுப்பே மூச்சைப் பிடித்துக்கொண்டது. பெஞ்சுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மறுநாளிலிருந்து அபிதாவிடம் வரிசை நின்றது, "என்னியத் தூக்கிப் பாரு" என்று. நானும் நின்றேன். தூக்கி இரண்டு முறை குலுக்கிவிட்டு, "கிருஷ்ணம்மா, நீ அரை மூட்ட" என்றாள். இரண்டு நாள் எனக்குத் தூக்கம் வரவில்லை. குண்டு என்று அவளைக் கூப்பிடுவது அதோடு நின்றுவிட்டது என்று சொன்னால் அது பொய். 'நம்ம குண்டு' என்று மாறியது, அவ்வளவுதான். அது பெரிய மாற்றம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். அவள் என்ன நினைத்தாள் என்று யாரும் கேட்கவில்லை.

எண்பத்தைந்தில் அவள் முள்ளிப்பட்டில் பால்வாடி டீச்சர். அதே உடம்பு. நான் பார்க்கப் போனபோது மடியில் இரண்டு, முதுகில் ஒன்று என்று குழந்தைகள் தொங்கிக்கொண்டிருந்தன. பாஞ்சாலை என்ற வாண்டு அவள் கன்னத்தைப் பிடித்து இழுத்துக் கேட்டது:

"டீச்சர், நீ ஏன் இம்மாம் குண்டா கீற?"

எனக்குத்தான் சுருக்கென்றது. அபிதா அசரவில்லை. "நான் ரெண்டு பேருடி. சின்ன வயசுலேருந்து ஒருத்தி உள்ளயே கீறா."

பாஞ்சாலை அவள் வயிற்றில் காதை வைத்து வெகுநேரம் கேட்டது.

"அவ பேரு இன்னா டீச்சர்?"

அபிதா வாயைத் திறந்தாள். உதவிக்கு என்னைப் பார்த்தாள், இத்தனை வருஷத்தில் நானும் அதைக் கேட்டதில்லை.