வெறுந்தலை நடை

குருசுக்குப்பத்தில் ராஜாம்பாளின் நடையை அறியாதவர்கள் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து மீன்கூடையைத் தலையில் ஏற்றி, கூடையில் கை படாமல், பெரிய மார்க்கெட்டுக்கு நடந்தே போய் வந்தவள். பக்கத்தில் ஆட்டோ வந்து நின்றால், "நீ போய்க்கினே இரு, நான் முன்னால போய் நிக்கிறேன்" என்பாள்.

அப்பேர்ப்பட்டவள் போன மாதம் சர்க்கரை ஏறி மார்க்கெட்டிலேயே மயங்கி விழுந்தாள். மகள் சுடர்விழி வியாபாரத்துக்குத் தடை போட்டாள். டாக்டர் நடக்கச் சொன்னதற்காக வீட்டில் ஒரு ட்ரெட்மில்லை வாங்கி இறக்கினாள்.

"கம்பியப் புடிக்காம இதுல நடந்து காட்டு. அப்பறமா மார்க்கெட்டுக்குப் போ."

"இவ்ளோதானா?" என்று ஏறினாள் ராஜாம்பாள். பட்டை நகர்ந்ததும் உடம்பு இடப்பக்கம் போனது, தலை வலப்பக்கம் போனது. கம்பியைக் கட்டிக்கொண்டாள். தினமும் இதே கூத்து. எதிர்வீட்டுக் காத்தவராயன் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "யக்கா, காலையிலயே ஏத்திக்கிட்டியா? எந்தக் கடை?" என்றான்.

"ஒங்கப்பன் கடைடா!"

இதற்கிடையில், மார்க்கெட்டில் அவள் இடத்தில் இன்னொரு மீன்காரி சின்னக்கண்ணு மீன்பலகை போட்டுவிட்டாள் என்று சேதி வந்தது. ராஜாம்பாளுக்குச் சோறு இறங்கவில்லை. மகள் குளிக்கப் போன நேரம் பார்த்து, துண்டை முறுக்கித் தலையில் சும்மாடு வைத்தாள். அதன்மேல் மீன்கூடை, கூடைக்குள் அரிசி மூட்டை. ஏறிப் பொத்தானை அமுக்கினாள்.

கழுத்து நிமிர்ந்தது. இடுப்பு தன் வேலையைப் பார்க்க ஆரம்பித்தது. கம்பி என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிற்று. வேகத்தைக் கூட்டினாள். முந்தானை படபடத்தது.

"ஓரம்போ, ஓரம்போ!" என்று இல்லாத சைக்கிளை விரட்டினாள். "அஜந்தா சிக்னல் தாண்டியாச்சிடோய்!" சந்தோஷம் தாங்காமல் குரல் தானாகக் கிளம்பியது. "வஞ்சரம்... சங்கரா... நெத்திலீ..."

சுடர்விழி ஈரத்தலையோடு ஓடிவந்தாள். பின்னாலேயே கையில் பாத்திரத்தோடு காத்தவராயன்.

"சங்கரா என்னா வெலக்கா?"

"நீ வேற ஏன் மாமா! யம்மா, எறங்கு. கூடையோட நடந்தா செல்லாது."

"ஏன்டி, மார்க்கெட்டுக்கு நான் வெறுந்தலையோடவா போறேன்?"

சுடர்விழி வாயைத் திறந்தாள். சிரிப்புதான் வந்தது. சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"போ தாயே, நாளைக்கே போ. மாத்திரைய முழுங்கிட்டுப் போ."

ராஜாம்பாள் பொத்தானை இன்னொரு தட்டுத் தட்டினாள்.

"ஏ சின்னக்கண்ணு! பலகைய எடுடீ, வந்துட்டேன்!"