"குடிக்க மாட்டார்" என்று சொன்ன பதில்

எங்கள் குடியிருப்பின் இரண்டாம் தளத்தில் வசிக்கும் அம்மையார், மூக்குக்கண்ணாடிக் கடையொன்றில் பதினேழு ஆண்டுகளாகப் பணிபுரிகிறார். கண்ணாடிச் சில்லைச் சட்டத்துக்கேற்ப விளிம்பு தேய்த்துப் பொருத்துவதும், அரிசியளவுகூட இல்லாத திருகுகளை முடுக்குவதும் அவர் வேலை. வாடிக்கையாளரின் முகம் அவருக்கு நினைவிராது. மூக்கின் அகலம் நினைவிருக்கும். அவருடைய கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். குடியிருப்பில் அவரை 'மேல்கீழ்' என்பார்கள். தொழிலை ஒட்டி எழுந்த அப்பட்டப்பெயர், பின்னாளில் அவர் படியேறும் விதத்துக்கும் பொருந்திவிட்டது.

சென்ற மாதம் ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் நடுவழியில் நின்றுபோனது. உள்ளே ஒரு பெண் ஐம்பது நிமிடங்கள் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். சரிசெய்யச் சென்ற மேல்கீழோ, மொட்டைமாடி இயந்திர அறையில் குடித்துவிட்டு, கருவிப் பையைத் தலைக்கு வைத்து உறங்கிக்கொண்டிருந்தார். அவருடைய நிறுவன மேலாளர் கத்தவில்லை. மனைவியை வரவழைத்துச் சொன்னார்:

"சிகிச்சை முடிச்சு சர்ட்டிபிகேட்டோட வரட்டும்மா, வேலை இருக்கும். ஒண்ணாந்தேதிக்குள்ள எங்கயும் சேரலைன்னா அப்புறம் என் கையில இல்ல. நம்ம கம்பெனி இன்சூரன்ஸ்லயே இதுக்கு இடம் இருக்கு. வேலை போனா அதுவும் போயிடும்."

ஒன்றாம் தேதிக்குப் பன்னிரண்டு நாட்கள் இருந்தன.

அந்நாட்களைப் பற்றி அம்மையார் பின்னர் என்னிடம் விவரித்தபோது, யார் வீட்டுக் கதையையோ சொல்வதுபோலவே சொன்னார். அழுகை வரவில்லையா என்று கேட்டேன்.

"வரும்னு நெனச்சேன் சார். வரல."

உணவு இடைவேளையில், கடையின் பின்னறையில் நின்றபடி ஒவ்வொரு மது மீட்பு மையமாக அழைத்தார். முதல் இடத்தில் எடுத்தவுடனேயே, "எத்தனை கிலோ இருப்பாரு?" என்று கேட்டார்கள்.

"எதுக்கு?"

"வேன் அனுப்பணும்ல. தூக்க ரெண்டு பேர் போதுமா, நாலு பேர் வேணுமான்னு பாக்கணும்."

இணைப்பைத் துண்டித்துவிட்டு, பாதியில் விட்ட கண்ணாடிச் சில்லைத் தேய்த்து முடித்தார். இரண்டாவது இடத்தைப் போய்ப் பார்த்தார். தோட்டம் இருந்தது, மரியாதையாகப் பேசினார்கள், ஆனால் காப்பீட்டு நிறுவனத்தின் பட்டியலில் அந்த இடம் இல்லை. "நீங்க முதல்ல கட்டிடுங்க, அப்புறம் அவங்ககிட்ட வாங்கிக்கலாம்" என்றார்கள். முதலில் கட்டுவதற்கு ஏதுமில்லை. மூன்றாவது, இரண்டு பேருந்து நிறுத்தங்கள் தள்ளியிருந்த மருத்துவமனையின் மது மீட்புப் பிரிவு. பட்டியலில் இருந்தது. இருபத்தெட்டு நாள் சிகிச்சை. முப்பதாம் தேதி வியாழக்கிழமை ஒரு படுக்கை காலியாகும்.

"அஞ்சு மணி வரைக்கும்தான் வெச்சிருப்போம்மா. அதுக்குள்ள இன்சூரன்ஸ் அனுமதி வந்துடணும். பின்னாடி நாலு பேர் நிக்கிறாங்க."

புதன்கிழமை பிற்பகல் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து ஒரு பெண் அழைத்தார்.

"மேடம், பதினஞ்சு வருஷமா குடிக்கிறாருன்னு டாக்டர் எழுதியிருக்காங்க. ரெண்டு வருஷம் முன்னாடி கணைய வீக்கத்துக்கு ஒரு கிளெய்ம் வாங்கியிருக்கீங்க. அதுல 'மதுப்பழக்கம் இல்லை, தகவல் தந்தவர் மனைவி'ன்னு இருக்கு. எது சரி?"

அம்மையார் கையிலிருந்த சட்டத்தை மேசையில் வைத்தார்.

"எழுத்துல விளக்கம் வேணும் மேடம். தப்பான தகவல்னா முழுசா நிராகரிக்கவும் எங்களுக்கு உரிமை இருக்கு."

அன்று மாலை, விளக்கம் எழுத உதவி கேட்டு மூவரும் என் வீட்டுக்கு வந்தார்கள்: அம்மையார், மேல்கீழ், அவருடைய தங்கை. கைநடுக்கம் தெரியாதிருக்கக் கைகளைத் தொடைக்கடியில் வைத்து மேல்கீழ் அமர்ந்துகொண்டார். வழி கண்டுபிடித்திருந்தவர் தங்கை.

"அண்ணி, அன்னிக்கு ஆஸ்பத்திரியில நர்ஸ் 'குடிப்பாரா?'ன்னு கேட்டா. நீங்க என்ன சொன்னீங்க? 'குடிக்க மாட்டாரு.' நானும் பக்கத்துலதான நின்னேன். இனிமே குடிக்க மாட்டாருன்னுதான் சொன்னேன், அவங்க தப்பா புரிஞ்சுக்கிட்டாங்கன்னு எழுதிட்டா தீந்துது. ஏன் சார், அப்படி அர்த்தம் வருமா வராதா?"

வரும். தமிழில் எதிர்கால வினைமுற்று இனி நிகழவிருப்பதையும் உணர்த்தும். வழக்கமாக நிகழ்வதையும் உணர்த்தும். எதிர்மறையிலும் அவ்வாறே. 'குடிக்க மாட்டார்' என்பது பழக்கமின்மையையும் குறிக்கலாம், இனிமேல் இல்லை என்னும் உறுதியையும் குறிக்கலாம். இதை நான் சொன்னபோது தங்கையின் முகம் மலர்ந்தது. நானும் தாளை எடுத்து ஒரு வரைவை எழுதத் தொடங்கினேன், நன்றாகவே வந்தது.

"அன்னிக்கு நீ எந்த அர்த்தத்துல சொன்னே?" மேல்கீழ் முதன்முறையாக வாய் திறந்தார்.

"எந்த அர்த்தத்துலயும் சொல்லல. கேட்டாங்க, வாய் சொல்லிச்சு."

"அப்ப சாரு எழுதுறதும் பொய்யில்லையே அண்ணி? ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்றாங்க. இது ஒரு வார்த்தை!"

"அந்த ஆயிரத்தையும் என்கிட்டதானே சொன்னீங்க," என்றார் அம்மையார். குரலில் சூடே இல்லை; பேருந்து எண்ணைச் சொல்வதுபோல இருந்தது.

மேல்கீழ் சிரிக்க முயன்று இருமினார்.

"அர்த்தத்தை மாத்தி எழுதினா நாளைக்கு இன்னொருத்தி போன் பண்ணுவா," என்றார் அம்மையார். "அதுக்கும் நான் ஒரு பதில் யோசிக்கணும். என்னால இனிமே யோசிக்க முடியாது. அந்தத் தாளைக் கொடுங்க சார்."

"நிராகரிச்சுட்டா?" என்றார் தங்கை.

"பண்ணட்டும்."

என் வரைவைத் திருப்பி, அதன் பின்புறத்தில் எழுதினார்: 'என் கணவர் குடிப்பார். அப்போதும் குடித்தார். எனக்குத் தெரியும். தெரிந்தே இல்லை என்று சொன்னேன்.' திருத்துவதற்கு ஒன்றுமில்லை. மேல்கீழ் அதை வாங்கி நெடுநேரம் பார்த்தார். நான்கு வாக்கியங்களுக்கு அவ்வளவு நேரம் ஆகாது. பிறகு பேனாவைக் கேட்டு, மனைவியின் கையெழுத்துக்குக் கீழே தாமும் கையெழுத்திட்டார். கோடு இரண்டு இடங்களில் வழி தவறியது.

மறுநாள் காலை அதைப் படமெடுத்து அனுப்பினார்கள். பிற்பகல் மூன்று மணி வரை பதில் இல்லை. பையுடன் மருத்துவமனைக்குச் சென்று, வரவேற்பறையில் அமர்ந்தார்கள். வேறொரு குடும்பமும் பையுடன் எதிரே அமர்ந்திருந்தது. அவர்கள் எதற்குக் காத்திருக்கிறார்கள் என்பது அம்மையாருக்குத் தெரிந்தது. அதுவும் அவரை ஒன்றும் செய்யவில்லை.

நான்கு நாற்பதுக்குக் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது.

"முதல் பத்து நாளுக்கு அனுமதி கொடுத்திருக்காங்க மேடம். மீதிக்கு டாக்டர் ரிப்போர்ட் பாத்துட்டு முடிவு பண்ணுவாங்க. பழைய கிளெய்மைத் தனியா விசாரிப்பாங்க, லெட்டர் வரும். வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்?"

"வேணாம்."

மேல்கீழின் இடைவாரையும் சவரக் கத்தியையும் கைப்பேசியையும் வாங்கிக்கொண்டார்கள். உள்கதவு வரை சென்றவர் திரும்பினார்.

"வீட்டைப் பூட்டிட்டுத்தானே வந்தே?"

"பூட்டிட்டேன்."

கதவு மூடியது. செவிலி ஒரு படிவத்தை நீட்டினார். "பத்து நாளைக்கு நீங்க வரக் கூடாது, போனும் பண்ணக் கூடாதும்மா."

"நான் என்ன செய்யணும்?"

"நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். நாங்க பாத்துக்குறோம்."

அம்மையார் அசையாமல் நிற்கவே, காதில் விழவில்லையென்று கருதிச் செவிலி அதையே உரக்கச் சொன்னார்.

"கேட்டுச்சும்மா," என்றார் அம்மையார். "ஒண்ணும் செய்யாம இருக்கறது எப்படின்னுதான் தெரியல."

செவிலி ஒரு நாற்காலியைக் காட்டினார். ஆறு மணி வரை அவர் அதில் அமர்ந்திருந்தார்.